சேற்றுக்கும் பதம் உண்டு: மதுரைப் பக்கத்து மண்ணைப் புரிந்துகொள்ள

விளாச்சேரியில் கொலு பொம்மையாகவும், மானாமதுரையில் கடமாகவும், சோழவந்தான் வயலில் நாற்றைத் தாங்கும் தொழியாகவும் இருப்பது மண்ணும் நீரும் சேர்ந்த சேறுதான். ஆனால் பொம்மைக்குப் பிசைந்த மண்ணில் சுவர் வைத்தால் காய்ந்ததும் பிளந்துவிடும். சுவருக்குக் குழைத்த மண்ணைச் சக்கரத்தில் ஏற்றினால் கையை அறுக்குமே தவிரப் பானை எழும்பாது. இதற்குக் காரணம் இரண்டு: அந்த மண்ணில் களி எவ்வளவு, அதில் நீர் எவ்வளவு. முதலாவதை மண்வாகு என்போம், இரண்டாவதைப் பதம் என்போம். மண் வேலையில் நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று தப்பியதால் வருபவை.

மண்ணுக்குள் இருப்பவை

எந்த மண்ணையும் அதன் துகள் அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல். அதற்கும் நுண்ணியது களி. மணலை விரலால் நெருடினால் நறநறக்கும். வண்டல் உலர்ந்தால் மாவாக வழுக்கும், நனைந்தாலும் அவ்வளவாக ஒட்டாது. களி ஒட்டும். களித் துகள்கள் தட்டை வடிவம் கொண்டவை. அவற்றுக்கு நடுவே நீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும், அதனால்தான் களிமண்ணை வளைக்க முடிகிறது. நீர் வெளியேறினால் தட்டுகள் நெருங்கிவரும். மண் சுருங்குவதும் வெடிப்பதும் அந்த நெருக்கத்தால்தான். மணல் சுருங்காது, ஆனால் தானாக ஒட்டியும் நிற்காது. களி பிடிக்கும், மணல் தாங்கும். இந்த இரண்டின் விகிதம்தான் மண் வேலையின் கணக்கு.

உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். மேல்மண்ணில் வேரும் சருகும் இருக்கும் என்பதால் அரை அடி ஆழத்துக்குக் கீழிருந்து எடுங்கள். கட்டிகளை உடைத்துக் கல் பொறுக்கிய பின், ஒரு லிட்டர் கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, மேலே இரண்டு விரற்கடை விட்டு நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சலவை சோடா சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சோடா களித் துகள்களைப் பிரித்துவிடும். அது இல்லாவிட்டால் அவை ஒட்டிக்கொண்டு வண்டலோடு சேர்ந்தே படியும், கணக்குத் தவறும். குப்பியை அசையாத இடத்தில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் மணல் படியும், இரண்டு மணி நேரத்தில் வண்டல் படியும். களி தெளிய ஒரு நாள் ஆகும், கரிசலாக இருந்தால் இன்னும் கூட ஆகும். மூன்று அடுக்கையும் அளவுகோலால் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும்.

குப்பி இல்லாத இடத்தில் விரலே போதும். எலுமிச்சை அளவு மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாகத் தள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குள் அறுந்தால் களி குறைவு. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியும் அறுபடாமல் தொங்கினால் அது நல்ல களிமண். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல்தான் மிகுதி.

புழுதி முதல் கலங்கல் வரை

ஒரே மண், நீர் ஏற ஏற வேறு வேறு பொருளாக நடந்துகொள்ளும். காய்ந்து பொடிந்தால் புழுதி, காய்ந்து இறுகினால் கட்டி. லேசாக ஈரம் பட்டுக் கையில் பிடித்தால் பிடிபட்டு, அழுத்தினால் உதிரும் நிலைதான் உழவுப் பதம். இன்னும் நீர் சேர்ந்தால் வளைத்த வடிவில் நிற்கும் பிசைமண். குயவருக்கும் பொம்மை செய்பவருக்கும் அதுதான் வேண்டும். அதையும் தாண்டினால் காலை வழுக்கும் சேறு. தெருவில் மழைநீரோடு குழம்பிக் கிடந்தால் சகதி. ஆளை உள்ளே இழுத்தால் உளை. நீர் மிஞ்சி மண் அதில் மிதந்தால் கலங்கல்.

இந்தப் படிகளில் உழவருக்கு முக்கியமானது பிசைமண்ணுக்குக் கொஞ்சம் முந்திய இடம். அதை அறிய, மண்ணை உள்ளங்கையில் கயிறாகத் திரிக்கப் பாருங்கள். அறுபடாமல் மூன்று மில்லிமீட்டர் பருமன் வரை திரிக்க வந்தால் உழவுக்கு ஈரம் அதிகம். அப்போது புஞ்சையில் டிராக்டரை இறக்கினால் கொழு பட்ட இடமெல்லாம் மண் பாளம் பாளமாகப் புரண்டு, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். அடுத்த மழை வரை அதை உடைக்க முடியாது. திரியாமல் உதிரும் வரை ஓரிரு நாள் பொறுப்பதே மேல்.

மதுரையைச் சுற்றியுள்ள மண்வாகு

திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் கரிசல். இதிலுள்ள களி, நீரைத் தன் அடுக்குகளுக்குள்ளேயே வாங்கி உப்பும் வகையைச் சேர்ந்தது. மான்ட்மோரிலோனைட் என்பது அதன் பெயர். மழையில் பொதபொதவென்று ஊதி, சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்புகளில் விழுந்து தானாகவே புரளும். பருத்தி, சோளம், கம்பு, கொண்டைக்கடலைக்கு இது அருமையான மண். ஈரத்தைப் பல வாரம் வைத்திருக்கும். வீடு கட்டத்தான் சங்கடம்: அடிமானத்தை வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு, அதாவது கீழே உள்ள சுக்கான் (சுண்ணாம்புக் கல்) அல்லது சரளை தட்டும் வரை கொண்டுபோகவேண்டும். தோண்டிய குழியைக் கரிசலாலேயே திரும்ப மூடாமல் சரளையோ மணலோ இட்டு நிரப்பவேண்டும். வீட்டைச் சுற்றி நீர் தேங்காமல் சரிவாகத் தளமும் போடவேண்டும். இதைச் செய்யாத வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். கோடையில் விரியும், ஐப்பசியில் சேரும். எத்தனை முறை பூசினாலும் அது திரும்ப வரும், ஏனென்றால் கோளாறு சுவரில் இல்லை, கீழே இருக்கிறது.

மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி வட்டாரத்தில் செம்மண் நிறைய. இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறம். இதன் களி பெரிதாக உப்பாது, நீரும் சீக்கிரம் வடியும். நிலக்கடலைக்கும் மல்லிகைக்கும் ஏற்றது. மல்லிகை வேருக்குத் தேங்கிய நீர் ஆகாது, களி மிகுந்த வயலில் செடி மஞ்சள் பூத்துவிடும். சுவருக்கும் தரைக்கும் செம்மண்ணே நம் ஊரில் முதல் தேர்வு. வைகைக் கரையோரம் வண்டல். ஆங்காங்கே உவர்மண்: காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கும், நனைந்தால் வழுக்கும். சோடியம் மிகுந்தால் களித் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும், நீர் உள்ளே இறங்காது. அதற்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்தாக வேண்டும். முன்பு துணி வெளுக்க இந்த உவர்மண்ணைத்தான் அள்ளிப் போனார்கள், சலவை சோடா செய்யும் வேலையை அது செய்தது.

செம்மண்ணுக்குச் சமையலறை வரை வேலை உண்டு. துவரையைச் சில மணி நேரம் ஊறவைத்து வடித்து, நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பூசி, ஓர் இரவு குவித்து வைத்துப் பிறகு வெயிலில் காயப்போட்டால் தோல் இளகிவிடும். மண்ணைச் சலித்து நீக்கிவிட்டு உடைத்தால் பருப்பு சிதையாமல் பிளக்கும்.

தொழி

நெல் வயலில் மட்டும் உழவின் நோக்கம் தலைகீழ். மற்ற பயிருக்கு மண்ணைப் பொலபொலப்பாக்க உழுகிறோம். நெல்லுக்கு மண்ணின் கட்டமைப்பை வேண்டுமென்றே உடைத்து, துளைகளைக் களியால் அடைத்து, நீர் கீழே ஓடாமல் செய்கிறோம். இரண்டு அங்குலம் நீர் கட்டி ஒருமுறை உழுது, களையும் தழையுரமும் மக்க ஒரு வாரம் பத்து நாள் விட்டு, மறுபடி ஒன்றிரண்டு சால் உழுது, பரம்பு அடித்துச் சமன் செய்வார்கள். பரம்பு சரியில்லை என்றால் மேட்டில் களை முளைக்கும், பள்ளத்தில் நாற்று அழுகும்.

தொழியடித்த உடனே நட்டால் என்ன ஆகும் என்பது மண்வாகைப் பொறுத்தது. களி மிகுந்த வயலில் சேறு இன்னும் கூழாக இருப்பதால் நாற்று ஆழமாக இறங்கிவிடும், தூர் கட்டாது. ஒரு நாள் இரண்டு நாள் தெளியவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நடுவது நல்லது. மணல் கலந்த வயலிலோ காத்திருக்கக் கூடாது. மணல் விரைவில் படிந்து இறுகிவிடும், மறுநாள் நடுபவர் விரல்தான் நோகும்.

நீருக்கடியில் இருக்கும் சேற்றில் காற்று தீர்ந்துபோகும். அப்போது நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், சிவந்த மண் சாம்பல் நீலமாக மாறும். கரைந்த இரும்பு மேலே வந்து காற்றுப் பட்டதும் வாய்க்கால் ஓரத்தில் துருநிறப் படலமாக மினுமினுக்கும். டீசல் கொட்டிவிட்டது என்று பலர் பதறுவார்கள். ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள்: தகடு தகடாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு, கீறிய இடம் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய்.

சுவரும் தரையும்

மண் சுவருக்கு ஏற்ற மண்ணில் களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் வெடிப்பு, மிகக் குறைந்தால் உதிர்வு. குப்பிச் சோதனையில் களி கூடுதலாக வந்தால் மணல் சேர்க்கலாம். கரிசலுக்கு எவ்வளவு மணல் சேர்த்தாலும் நம்ப வேண்டாம், அது உப்புவதை நிறுத்தாது.

மண்ணைக் குழியில் போட்டு நீர் விட்டு ஒன்றிரண்டு நாள் ஊறவிட வேண்டும். கட்டிக்குள் நீர் இறங்க அவ்வளவு நேரம் ஆகும். ஊறாத கட்டி ஒவ்வொன்றும் சுவரில் ஒரு பலவீனம். பிறகு ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலை, நூறு கிலோ மண்ணுக்கு ஒன்றரை கிலோ அளவில் தூவித் தூவி மிதிக்கவேண்டும். வைக்கோல் சுருக்கத்தைப் பல நுண்ணிய வெடிப்புகளாகப் பங்கிட்டுவிடும், ஒரே பெரிய பிளவு வராது. மிதித்த மண்ணை உருண்டையாக எடுத்து ஒன்றரை அடி அகலத்தில், ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை வைப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத அளவு இறுகிய பின்பே அடுத்த படை. அவசரப்பட்டு மேலே ஏற்றினால் கீழே உள்ள படை பிதுங்கி வயிறு தள்ளும். அதே மண்ணைச் சட்டத்தில் அடித்துக் காயவைத்தால் பச்சைச் செங்கல். சுருக்கம் வெயிலிலேயே முடிந்துவிடுவதால் புதிதாகக் கற்பவருக்கு அதுவே எளிது.

மண் சுவரின் எதிரி மேலிருந்து விழும் மழையை விடக் கீழிருந்து ஏறும் ஈரமும் தரையில் விழுந்து தெறிக்கும் நீரும்தான். ஆகவே கல் அடிமானத்தைத் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். இறவாரத்தை இரண்டடி வெளியே நீட்டுங்கள். மேலே சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னால் மண் இளகும். சிமெண்ட் ஓடு மட்டும் நின்று ஒருநாள் மொத்தமாகப் பெயர்ந்துவிடும். மண் பூச்சோ சுண்ணாம்போதான் சரி.

பூச்சு விகிதத்தை ஊகத்தில் முடிவு செய்யவேண்டாம். அதே சுவரில் ஓரடிச் சதுரமாக மூன்று திட்டுகள் போடுங்கள்: ஒரு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு, மூன்று பங்கு. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஒன்று வெடித்திருக்கும், ஒன்று உள்ளங்கையால் தேய்த்தால் உதிரும். நடுவில் உள்ளதுதான் உங்கள் மண்ணுக்கான விகிதம். பூசும் முன் சுவரை நீர் தெளித்து நனைக்க மறந்தால் எந்த விகிதமும் ஒட்டாது.

தரைக்கு மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே சலித்த செம்மண்ணும் புதுச் சாணியும் கரைத்துத் தோசை மாவுப் பதத்தில் மெழுகவேண்டும். சாணியிலுள்ள நார்தான் பிடிமானம், பழைய காய்ந்த சாணியில் அது குறைவு. கருமை வேண்டுமென்றால் கரித்தூள் சேர்க்கலாம். ஒரே நாளில் தடிமனாக மெழுகினால் ஏடு ஏடாகக் கிளம்பும். மெல்லிசாகப் பலமுறை மெழுகுவதே நிற்கும்.

தீ பட்ட மண்

காய்ந்த மண்ணை நனைத்தால் மறுபடி சேறாகும். சுட்ட மண் ஆகாது. சுமார் 450 பாகையிலிருந்து 600 பாகை செல்சியஸுக்குள் களியின் உள்ளே கட்டுண்ட நீர் வெளியேறிவிடும், அதற்குப் பிறகு அது பழைய களியல்ல. நீரில் கரைக்க விநாயகர் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: பச்சை மண்ணில் செய்து காயவைத்தது கரையும், சூளையில் சுட்டது ஓடாகக் கிடக்கும்.

பானை மண்ணைக் காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, நுண்மணல் கலந்து மிதித்து, கையால் பலமுறை அறைந்து காற்றுக்குமிழி போகப் பிசைவார்கள். சமைக்கும் சட்டிக்கு மணல் கூடுதல், அப்போதுதான் அடுப்புச் சூட்டின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். சக்கரத்திலிருந்து எடுக்கும்போது பானைக்கு அடி இருக்காது. பாதி காய்ந்த பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். மானாமதுரைக் கடத்தில் இந்தத் தட்டுதான் உயிர்: பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து, தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும்வரை பலகை ஓயாது. ஓரிடம் தடித்தால் அங்கே நாதம் மந்தமாகிவிடும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பானையைக் காயவைப்பது நிழலில்தான். வெயிலில் வைத்தால் விளிம்பு முன்னே சுருங்கி, அடி பின்தங்கி, நடுவில் கீறல் விடும். உள்ளே ஈரம் இருக்கும்போதே சூளையில் தீயை ஏற்றினால் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிப் பானை வெடிக்கும். அதனால்தான் முதல் சில மணி நேரம் புகை மட்டும் காட்டுவார்கள். ஐயனாருக்குச் செய்யும் மண் குதிரைகள் ஆளுயரம் இருந்தாலும் உள்ளே கூடாக இருப்பதும், உடலில் துளை விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். அந்தக் குதிரை வேலை, ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண், அதாவது ஒரு பிடி மண் கொடுப்பதில் தொடங்குகிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் இதே வேதியியலின் விளைவு. காற்றோட்டம் கிடைத்த புறம் இரும்பு ஆக்சைடால் சிவந்தது. கவிழ்த்து வைத்ததால் காற்று எட்டாமல் கரி சூழ்ந்த உட்புறம் கறுத்தது. ஒரே மண், ஒரே சூடு, இரண்டு நிறம்.

செங்கல்லில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு: கட்டிய சில மாதத்தில் கல்லின் முகத்தில் சில்லு பெயர்ந்து, குழியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். மண்ணில் சுக்கான் கல் சலிக்கப்படாமல் போனதுதான் காரணம். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி உப்பிச் சில்லைத் தள்ளுகிறது. மண்ணைச் சலிப்பதே தீர்வு. திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்பார்கள், மீனாட்சி கோயிலில் உள்ள முக்குறுணி விநாயகர் அங்கே கிடைத்தார் என்பதும் அதோடு சேர்ந்த செய்தி.

வாங்கிய புதுச் சட்டியை உடனே அடுப்பில் வைக்காதீர்கள். ஒரு நாள் நீரில் ஊறவைத்து, அடுத்து அரிசி கழுவிய நீரை ஊற்றி இளந்தீயில் கொதிக்கவிடுங்கள். மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும், கசிவு நிற்கும். தண்ணீர்ப் பானைக்கு இதைச் செய்யக் கூடாது, அதற்குத் துளைகள் திறந்திருந்து நீர் கசிந்து ஆவியானால்தான் குளிர்ச்சி. மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவு குளிராததும் காற்றில் ஏற்கனவே ஈரம் இருப்பதால்தான்.

கரையும் கண்மாய் வண்டலும்

வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, வந்திக் கிழவிக்காகச் சிவபெருமான் உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கி மண் சுமந்த கதையை ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு கரை என்ற அந்த முறைக்கு ஒரு நுட்பம் உண்டு: ஒருவர் பங்கு தளர்ந்தாலும் ஆறு அங்கேதான் உடைக்கும்.

கரை போடும் மண்ணை அரை அடிக்கு அரை அடியாகப் பரப்பி இறுக்கவேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடியை உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளாகச் சிதறினால் நீர் போதாது, அப்பளமாகத் தட்டையாக ஒட்டினால் நீர் அதிகம். பழைய கரையோடு சேர்க்கும்போது அதன் சரிவைப் படிக்கட்டாக வெட்டிக்கொண்டு புதுமண்ணை அதில் ஏற்றவேண்டும், வெறுமனே சாத்தினால் இடைவெளியில் நீர் வழி கண்டுபிடிக்கும். இயந்திரத்தால் கண்மாய்க்குள்ளிருந்து ஈரக் கட்டிகளை வாரிக் கரைமேல் குவிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உயரம் தெரியும், காய்ந்ததும் உள்ளெல்லாம் வெடிப்பு. நண்டு வளையும் எலி வளையும் கண்டால் வாயை மட்டும் அடைக்காமல் வளையைத் தொடர்ந்து தோண்டி, களிமண் இட்டு இடித்து நிரப்புங்கள்.

கோடையில் கண்மாய் வற்றும்போது வண்டலை அள்ளிச் செம்மண், மணல் நிலத்தில் கொட்டுவது பழைய நல்ல பழக்கம். நிலத்தின் நீர்ப்பிடிப்பு கூடும், பயிர்ச் சத்தும் சேரும். கரிசலில் கொட்டிப் பயனில்லை, அங்கே களி ஏற்கனவே மிகுதி. அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரிடமே பெறலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என அளவு உண்டு. கரையின் அடியை ஒட்டி எடுக்காதீர்கள். களி அடுக்கைத் தாண்டி மணல் தெரியும் வரையும் தோண்டாதீர்கள், அந்தக் களிதான் கண்மாயில் நீரை நிறுத்தி வைக்கிறது. கொட்டிய வண்டலைக் கட்டியாகவே விட்டு ஒரு கோடை மழை வாங்கவையுங்கள். கட்டிகள் தாமாகப் பொரிந்து உடையும். பிறகு பரப்பி, உழவுப் பதத்தில் ஒரு சால் ஓட்டினால் மேல்மண்ணோடு கலந்துவிடும்.